ஆறு மாதம் என்றுதான் சொன்னார்கள்

உத்தியோகத்தில் ஒருவனை மேலிடத்துக்குப் பிடிக்காமல் போனால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. என்னை மாற்றியது தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளத்துக்கு. மலாய் மொழியில் பாலோ என்ற சொல்லுக்கு ஏறக்குறைய அதுதான் பொருள் என்பது, வந்து முப்பது வருஷம் கழித்து வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1977 ஆகஸ்டில், கிள்ளானில் ஒரு தோட்டக் கம்பெனி அலுவலகத்தில் மாற்றல் கடிதத்தைக் கையில் கொடுத்தபோது, ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, “பாலோ, ஒட்டுப்பாலோ?” என்பதுதான். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். கடிதம் கொடுத்தவர் சிரிக்கவில்லை. “ஆறு மாசந்தான் தம்பி. அங்க இருக்கிற சின்னக் கிராணி லீவுல போறாரு. அவரு வந்ததும் உங்கள கூப்பிட்டுக்குவோம்” என்றார். அந்த ஆறு மாதத்தை நான் இன்னும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. காது மறைக்கும் கிராப்பு, தரையைக் கூட்டுகிற பெல்பாட்டம், பெட்டியில் மு.வ. நாவல்கள் நான்கு, அவற்றின் நடையில் நானே எழுதத் தொடங்கி மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகிக்குக் காசநோய் வந்ததும் மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்தி வைத்திருந்த ஒரு நாவல். இப்படிப்பட்டவனைக் கிள்ளான் போன்ற பட்டணத்திலிருந்து கித்தா காட்டுக்கு அனுப்புவது தமிழ் இலக்கியத்துக்கே நேர்ந்த நஷ்டம் என்று நான் மனதார நம்பினேன். அம்மாவுக்கு இலக்கியக் கவலை இல்லை. முறுக்கு டின்னைப் பெட்டியில் வைத்து அழுத்திக்கொண்டே, “போற எடத்துல கடன் கிடன் வெக்காத. வெச்சா, அத அடைக்காம அந்த ஊர விட்டுக் கெளம்பாத” என்று மட்டும் சொன்னாள்.

இரவு ரயிலில் ஏறி, இறங்கவேண்டிய ஊரைத் தூக்கத்திலேயே தாண்டி, விடிகிற நேரத்தில் குளுவாங்கில் கண் விழித்தேன். பாலோவை நான் முதன்முதலில் கடந்துபோனது இப்படித்தான், குறட்டையோடு. குளுவாங் ரயில் நிலையத்திலேயே 1938லிருந்து ஒரு கோப்பிக்கடை இருக்கிறது. இந்தப் பக்கத்தார்க்குத் தெரியாமல் இருக்காது. கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, நடுவே காயாவும் வெண்ணெயும், பீங்கான் கோப்பையில் கறுத்துத் தடித்த கோப்பி. சாசரில் ஊற்றி உறிஞ்சியபடி, வடக்கே திரும்பிப் போகிற ரயிலுக்காக இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். இன்று அதே கடைப்பெயர் பேரங்காடிகளில் எல்லாம் கிளை விரித்திருக்கிறது. பேரன் என்னை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரொட்டி இருந்தது, காயா இருந்தது, குளிர்சாதனமும் இருந்தது. ரயில் வராது என்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் உட்கார்ந்து அந்தக் கோப்பியைக் குடிப்பது, முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுவது மாதிரி இருந்தது எனக்கு. அவனிடம் சொல்லவில்லை. அவன்தானே காசு கொடுத்தான்.

நீயோர், சாமேக், அடுத்தது பாலோ. நிலையத்தில் என்னோடு இறங்கியவை இரண்டு கோழிக் கூடைகளும் அவற்றின் உரிமையாளரான ஒரு சீனத்து மூதாட்டியும்தான். தோட்டத்து லாரி வந்திருந்தது. மூன்று மைல் செம்மண் சாலை. முதல் மைலில் ஒன்றுமில்லை. இரண்டாவது மைலில் மூக்கு லேசாகச் சுளித்தது. மூன்றாவது மைலில், ஏதோ பெரிய மிருகம் செத்துப் பல நாளாகி அதன்மேல் யாரோ புளித்த மோரை ஊற்றியதுபோல ஒரு வாடை. ஓட்டுநரைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றபடி, “ஆலை” என்று ஒரே வார்த்தையில் அறிமுகப்படுத்தி வைத்தார்.

ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த யாருக்கும் அந்த நாற்றத்தை நான் விவரிக்கத் தேவையில்லை, வாழாதவர்களுக்கு விவரித்தும் பயனில்லை. பாலை உறையவைத்துப் பிழிந்த தண்ணீர் வாய்க்காலில் போய் நின்று அழுகும். ஒட்டுப்பாலும் கோட்டுப்பாலும் மூட்டை மூட்டையாகக் கிடந்து புளிக்கும். இவற்றுக்கு மேலே புகைக்கூடத்திலிருந்து கித்தாக் கட்டை எரிகிற புகை, பார்மிக் ஆசிட்டின் காரம், டாங்கியிலிருந்து அம்மோனியா. எல்லாம் சேர்ந்து சட்டையில் ஏறி, சோப்பில் போகாமல், தலையணைக்குப் போய், அங்கிருந்து கனவுக்கும் போய்விடும். குளுவாங்குக்குப் பஸ்ஸில் போனால் என் பக்கத்து இருக்கை மட்டும் யோங் பெங் சந்திப்பு வரைக்கும் காலியாகவே வரும். 1984இல் கல்யாணமாகி வந்த என் மனைவி முதல் நாளே சொன்னாள்: “உங்க ஊருக்கு யாருக்கும் வழி சொல்ல வேணாங்க, மூக்க புடிச்சிக்கிட்டு வரச் சொன்னா போதும்.” மாதம் ஒரு கடிதம் எழுதுவேன் தலைமை அலுவலகத்துக்கு, உடல்நிலையை உத்தேசித்து என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு. ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கடிதங்களின் நகல்கள் இன்றும் இருக்கின்றன. என் நாவலைவிட அவை நன்றாக வந்திருக்கின்றன என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே ஆலைக்குள் ஒரு காட்சி உண்டு. நாலைந்து நாள் புகைக்கூடத்தில் மூங்கில் கழிகளில் தொங்கி, ஈரம் எல்லாம் வற்றி வெளியே வருகிற ஷீட்டுகளைத் தரம் பிரிக்க ஓர் அக்கா இருந்தாள். வடக்கு ஜன்னலோரம் கண்ணாடி பதித்த மேசை. ஒவ்வொரு ஷீட்டாக எடுத்து, இரண்டு கையாலும் புடவையை உதறிப் பார்ப்பதுபோல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். முதல் தரமென்றால் முழு ஷீட்டும் தேன் பாட்டிலைச் சூரியனுக்கு எதிரே பிடித்ததுபோல் ஒளிவிடும், உருளை பதித்த வரிகள் அதில் நரம்பு நரம்பாகத் தெரியும். எங்காவது ஒரு காற்றுக் குமிழ், மரப்பட்டைத் துணுக்கு, ஒரு கொசுவின் கால் தெரிந்தால் இடுப்பில் செருகிய கத்தரியை எடுத்து நறுக்கென்று அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிவாள். அவள் முகமெல்லாம் அந்த மஞ்சள் வெளிச்சம். நாவலாசிரியனான நான் அதைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்து, நிலவொளியில் கதாநாயகி இருமுவதாக எழுதினேன். கண்ணெதிரே தேன் நிறத்தில் ஒரு கதை நிற்பது புத்திக்கு எட்டவில்லை.

என்னுடைய உத்தியோகம் பால் நிறுப்பது. விடியற்காலை பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குப் போய், மங்கு துடைத்து, உளியால் கோடு கீறி, பத்து மணிக்குமேல் மறுபடி மரம் மரமாகப் போய்ப் பாலைச் சேகரித்து, காண்டா வாளியில் தோளில் சுமந்து வருவார்கள். பால் கொட்டகையில் வெள்ளைச் சட்டை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன், கையில் மெட்ரோலாக். உங்களில் பலருக்கு அது என்னவென்று தெரியாது. பாலுக்குள் மிதக்கவிட்டால் அதில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று கழுத்தளவுக் கோடு காட்டிக்கொடுக்கும் ஒரு கருவி. வாளிப் பாலிலிருந்து கொஞ்சம் எடுத்து, இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, நுரையை விரலால் வழித்துவிட்டு, கருவியை மெல்ல இறக்கவேண்டும். அது இரண்டு தடவை குதித்து, தலையாட்டி, பிறகு நிற்கும். அது நிற்கிற கணத்தில் எதிரே நிற்பவர்கள் மூச்சுவிடமாட்டார்கள். மரத்திலிருந்து வருகிற பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி தண்ணீர். ராத்திரி மழை பெய்திருந்தால் அதுவும் குறையும், கூலியும் குறையும். மழைக்கும் சேர்த்து என்னைத்தான் முறைப்பார்கள். அறிவியல் என் பக்கம் இருக்கிறது என்ற கர்வத்தில் எண்ணைக் கணீரென்று வாசிப்பேன். கருவியைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்காமல், நாற்காலியில் சாய்ந்தபடி மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு குறைத்துத்தான் தெரியும் என்பதை, ஆறாம் மாதத்தில் ஒரு பாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். “குனிஞ்சு பாருங்க தம்பி, பாலு என்னா உங்களுக்குக் கீள்சாதியா?” என்றாள். அன்றிலிருந்து குனிந்துதான் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆறு மாதக் கோடுகளை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது?

கையில் காசு புழங்கியது சம்பள நாளுக்குப் பிறகு நாலு நாள். மற்ற நாளெல்லாம் 555. ரயில் நிலையத்துக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த தவுக்கே, ஆளுக்கொரு சிறு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தார். அட்டையில் மூன்று ஐந்து அச்சிட்டிருக்கும், சட்டைப்பைக்குள் அடங்கும். அரிசி, சார்டின், பால் டின், மண்ணெண்ணெய், தீபாவளிக்குப் பட்டாசு, பிள்ளைக்கு ஜுரம் என்றால் சுடச்சுடப் பத்து வெள்ளி ரொக்கம்கூட. எல்லாம் சீன எழுத்தில் ஏறும். படிக்கத் தெரியாத கணக்கில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்ட நாங்கள்தான், என் மெட்ரோலாக்கின் எண்ணை நம்பமாட்டோம் என்று சண்டை போட்டவர்களும். தவுக்கே பேசிய தமிழுக்குப் பால் வெட்டுத் தமிழ் என்றே பெயர் வைக்கலாம். அவசரநிலைக் காலத்தில், 1950 வாக்கில், காட்டோரம் இருந்த அவர் வீட்டை இடித்து, குடும்பத்தை ஒரு லாரியில் ஏற்றி, முள்கம்பி வேலி போட்ட புதுக்கிராமத்தில் கொண்டுவந்து இறக்கினார்களாம். “என்னயும் யாரும் கேக்கலே, தம்பி. ஏறு சொன்னான், ஏறினேன். எறங்கு சொன்னான், எறங்கினேன்.” கங்காணி கூட்டிவந்த என் தாத்தாவும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார், கப்பலை மட்டும் சேர்த்து. இந்த ஊருக்குத் தானாக ஆசைப்பட்டு வந்தவர் யாராவது உண்டா என்று நான் பல காலம் தேடிப் பார்த்திருக்கிறேன்.

ரயில் வந்தால்தான் தமிழ்ப் பத்திரிகை வரும். தமிழ் நேசன் கட்டு பிளாட்பாரத்தில் விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்த மாலைகள் எத்தனை! ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயிலுக்கு வழிவிட எங்கேயாவது நின்றுவிட்டால் அன்றைய உலகச் செய்தி இரவு எட்டு மணிக்குத்தான் நடக்கும். அதுவரை யாரும் சாகவில்லை, எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை. 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றுபோனது. இப்போது என் கைப்பேசியில் உலகம் நிமிடத்துக்கு ஒரு தடவை அழிகிறது. ஒன்றும் காத்திருப்பதில்லை, நான் உட்பட.

சரி, ஆலைக் கதைக்கு வருகிறேன். அதை மூடியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். 1965லேயே நாட்டில் கட்டி ரப்பர் வந்துவிட்டது, தரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் அளந்து, முப்பத்து மூன்று கிலோச் சில்லறைக் கட்டியாக, பிளாஸ்டிக் தாளில் சுற்றி. எங்கள் ஆலையோ அக்காவின் கண்ணையும் கத்தரியையும் நம்பிக்கொண்டிருந்தது. ரப்பர் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து பிறகு இறங்குவதில் மட்டும் நிலைத்தது. உலகத்திலேயே அதிகம் ரப்பர் எடுக்கிற நாடு என்று பள்ளிப் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த பெருமையைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாய்லாந்து வாங்கிக்கொண்டு போனது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் நான் பழி போடுவது ஒரு வண்டின்மேல்.

செம்பனைக்கு அந்நாள்வரை இங்கே சரியான பூச்சித் துணை இல்லை. மகரந்தப் பொடியைப் பவுடரோடு கலந்து, ஊதுகுழலில் அடைத்து, பெண்கள் மரம் மரமாகப் போய்ப் பூவுக்குள் ஊதவேண்டும். முள், பாம்பு, வெயில். அதனால் செம்பனை கொஞ்சம் சோம்பேறித்தனமாகவே பரவிவந்தது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து அரிசியைவிடச் சிறிய ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். நாட்டிலேயே முதன்முதலில் விட்ட இடங்களில் ஒன்று எங்கள் குளுவாங் மாவட்டத்துத் தோட்டம். அது சம்பளம் கேட்கவில்லை, சங்கத்தில் சேரவில்லை, பிரட்டுக்கு வரவில்லை. பூவுக்குப் பூ தானே பறந்து வேலையை முடித்தது. குலை பருத்தது, கணக்கு மாறியது. கித்தா மரங்களை நிரை நிரையாகச் சாய்த்துச் செம்பனைக் கன்று நட்டார்கள். எங்கள் தாத்தாக்கள் கடல் கடந்து வந்தபோது இருந்த காட்டை மாற்றிக் கித்தா வைத்தார்கள், அதை மாற்ற ஒரு வண்டு கடல் கடந்து வந்தது. விருந்தாளிக்கு விருந்தாளி இடம் விட்டுத்தானே ஆகவேண்டும்?

1995இல் ஒரு வெள்ளிக்கிழமை புகைக்கூடத்தில் கடைசியாக நெருப்பை அணைத்தார்கள். பதினெட்டு வருஷம் சங்கு ஊதிய நேரத்தில் சங்கு ஊதவில்லை. நாய்கள்தான் முதலில் குழம்பின. ஒரு வாரத்தில் வாய்க்கால் வற்றியது. பத்தாம் நாள் காலையில் ஜன்னலைத் திறந்தேன். காற்று சுத்தமாக, பச்சைத் தண்ணீர் மாதிரி, ஒரு வாசனையும் இல்லாமல் வந்தது. மனைவி பின்னால் நின்று, “என்னங்க, எதுவோ கருகுதா?” என்றாள். ஒன்றும் கருகவில்லை. அதுதான் அவளுக்குப் புதிதாக இருந்தது.

அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. இங்கே நீங்கள் சிரிக்கலாம், நான் சிரித்துப் பழகிவிட்டேன். பதினெட்டு வருஷமாக, மாதம் ஒரு கடிதம் போட்டு, ‘போகிறேன், போகிறேன், என்னைப் போகவிடுங்கள்’ என்று மன்றாடிய ஆளை ஒருவழியாகப் ‘போ’ என்றார்கள். போனேன். சரியாக மூன்று மைல். சேமநிதியில் எடுத்த பணத்தைப் போட்டு, பாலோ டவுன் ஓரத்தில் எழும்பிய தாமானில் 25,000 வெள்ளி மலிவு விலை வீடு ஒன்றை வாங்கினேன். கிள்ளானுக்குப் போகலாமே என்று மச்சினன் கேட்டான். பிள்ளைகளின் பள்ளி, மனைவிக்கு அமைந்த தையல் வேலை, கோயில் திருவிழாப் பொறுப்பு என்று ஏதேதோ சொன்னேன். ஆலை இருந்த காலத்தில் இந்த ஊரில் இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது, நான் இருக்க விரும்பவில்லை. காரணம் போன பிறகுதான் குடியேறினேன்.

குடியேறுவது என்றால் சும்மா இல்லை. லயத்தில் அடுப்பிலிருந்து கிளம்புகிற தாளிப்பு வாசனைக்கு நாலு வீடு பதில் சொல்லும். தாமானில் முன்பக்கம் கம்பிக்கதவு, பின்பக்கம் சுவர். முதல் வாரம் உப்பு கேட்க யாரும் வரவில்லை, எங்களுக்கும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, உப்பு தீர்ந்தபோது கடையில் வாங்கினோம். அது ஒரு பெரிய மாற்றமாக மனைவிக்குப் பட்டது. இரவில் சுவரைத் தட்டிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவும் ஒருநாள் பதிலுக்குத் தட்டினாள். இருபத்தைந்து வருஷ சிநேகிதம் அந்தச் சுவரில் தொடங்கியது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். விடியற்காலை தொழிற்சாலை பஸ் வந்து ஹாரன் அடிக்கும், தூங்கி வழிந்தபடி பெண் பிள்ளைகள் ஏறுவார்கள். பையன்கள் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாரு போய்ப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்த்தார்கள். பிரட்டுக்குப் போன அதே இருட்டு நேரம்தான். தலையில் விளக்குக்குப் பதில் ஹெல்மெட்.

2006 டிசம்பரில் ஜொகூரையே முக்கிய வெள்ளம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. முழங்கால் தண்ணீரில் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தபோதுதான், மேற்சொன்ன மலாய்க்காரம்மா ஊர்ப் பெயரின் அர்த்தத்தைச் சொன்னாள். முப்பது வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் கிள்ளானில் அந்த மாற்றல் கடிதத்துக்கு இன்னும் நல்ல நகைச்சுவையாக ஒன்று சொல்லியிருப்பேன்.

பூட்டிக்கிடந்த எங்கள் ஆலைக்கு இதற்குள் புதுக் குத்தகைக்காரர் வந்திருந்தார். இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. புகைக்கூடத்தை மட்டும் அவர் விரும்பி வைத்துக்கொண்டார். ஜன்னல் இல்லை, உள்ளே இருட்டு, வெக்கை. உழவாரன் குருவி கூடு கட்ட இதைவிட நல்ல மாளிகை கிடையாது என்றார். குருவியின் எச்சில் கூட்டைச் சூப் வைத்துக் குடிக்கச் சீனாவில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருந்த நேரம். கூரையில் ஒலிபெருக்கி வைத்து, பதிவு செய்த குருவிச் சத்தத்தைக் காலையிலிருந்து இரவுவரை ஓடவிட்டார். கீச், கீச், கீச். உள்ளே ஆயிரம் உறவுக்காரர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், வா, வா என்று. எனக்கு அந்தக் குருவிகளின்மேல் ஒரு சொந்தமே ஏற்பட்டது. ‘ஆறு மாசந்தான் தம்பி’ என்று அவற்றுக்கும் யாரோ சொல்லியிருக்கவேண்டும். பால் விற்ற இடத்தில் எச்சில் விற்கிறார்கள் என்று ஊரில் சிரித்தோம். 2011இல் நைட்ரைட் அதிகம் என்று சொல்லி மலேசியக் கூடுகளைச் சீனா நிறுத்திவைத்ததும் குத்தகைக்காரர் முகத்தில் சிரிப்பு நின்றது. அவர் போய்விட்டார். ஒலிபெருக்கியும் போய்விட்டது. குருவிகள் போகவில்லை.

இப்படியெல்லாம் உருகி எழுதுகிறேனே, ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தரம் பிரித்த அந்த அக்காவை இரண்டு வருஷத்துக்கு முன் ஜொகூர் பாருவில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மகன் வீட்டில் இருக்கிறாள், எண்பதைத் தாண்டிவிட்டாள். ஜன்னல் வெளிச்சம், தேன் நிறம், கத்தரி என்று நான் வர்ணிக்க வர்ணிக்க, கேட்டுக்கொண்டிருந்தவள் கையை நீட்டிக் காட்டினாள். ஆசிட்டும் புகையும் தின்ற நகங்கள் இன்னும் பழுப்பாகத்தான் இருந்தன. “அந்தச் சனியன் போய்த் தொலஞ்சிச்சு, விடுங்க கிராணி. நீங்க நாக்காலில ஒக்காந்திருந்தீங்க” என்றாள். லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரு கக்கூசு வரிசை இருந்ததும், ராத்திரி மழையில் தூக்கம் கெட்டு மறுநாள் கூலியைக் கணக்குப் போட்டதும் அவள் கணக்கில் உண்டு. என் கட்டுரையில் அவை இவ்வளவு தாமதமாகத்தான் வருகின்றன, பாருங்கள். ஏக்கமெல்லாம் எங்களைப் போன்ற கிராணிகளுக்குத்தான். அவளுக்குக் கிடைத்தது முழங்கால் வலி. நல்ல பந்தியில் உட்காரவைத்து, இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய?

இப்போது எனக்கு எழுபத்திரண்டு. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் இரட்டைத் தண்டவாளம் போட்டு முடித்தார்கள். 2025 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மின்ரயில் நேராகவே வந்துவிட்டது. யாருக்கும் யாரும் வழிவிட்டு நிற்கத் தேவையில்லை. எதிர் ரயில் வருகிறவரை பிளாட்பாரத்தில் இறங்கி, அறிமுகமில்லாத ஆளிடம் தீப்பெட்டி வாங்கி, சிகரெட் முடிவதற்குள் அவர் தங்கைக்கு வரன் பேசிமுடித்த காலமெல்லாம் இனி ரயில்வேயின் பொறுப்பில் வராது. ஆனால் உட்கார்ந்தால் முதுகு வலிக்காத இருக்கை, சுத்தமான கழிப்பறை. என் வயதில் அதைக் குறை சொல்பவன் பொய் சொல்கிறான்.

பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் அலமாரியில் மெட்ரோலாக்கைப் பார்த்துவிட்டு என்ன இது என்றான். ரப்பர் அளப்பது என்றேன். “அழிக்கிற ரப்பரா தாத்தா?” ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டினேன். பால் இல்லாத வாளியில் அது சற்று உயரமாகவே மிதந்து, குதித்து, தலையாட்டி நின்றது. அவன் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தான். யாரும் சொல்லித்தரவில்லை.

தவுக்கே கடை இப்போது அவர் மகன் கையில். கல்லாவில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. காட்டினால் டிங் என்று சத்தம், கணக்குத் தீர்ந்தது. கடன் சொல்ல அதில் இடமில்லை, குசலம் கேட்கவும் இல்லை. 1995இல் தோட்டத்து வீட்டைக் காலி செய்த வாரம் கயிறு, ஆணி, ஒரு விளக்குமாறு, ஒரு பால் டின் வாங்கியிருந்தேன். பதினெட்டு வருஷக் கணக்கை முழுசாக அடைத்துவிடலாம் என்று சம்பளப் பாக்கியோடு போனபோது, தவுக்கே மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கடைசி வரியை மட்டும் விரலால் மூடினார். “இது கெடக்கட்டும். நீ ஊர விட்டுப் போறப்ப குடு” என்றார். நான் போகவில்லை, அவர்தான் போனார். இறுதிச் சடங்கு முடிந்த மாதம் மகனிடம் நீட்டினேன். “பளைய கணக்கு மெஷின்ல ஏறாது, அங்கிள்” என்று சிரித்துவிட்டு, அந்த 555 புத்தகத்தையே என் கையில் கொடுத்துவிட்டான். அம்மாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். நாலு வெள்ளி அறுபது காசு, இன்னும் பாக்கி.